குழாயும் இரண்டு கைகளும்

"பல்பை மாத்துங்க, ஒண்ணுமே தெரியல" என்றாள் அடுப்பருகே இருந்த ஷேவந்தா, புருஷனிடம். புண்டலிக் அண்ணாந்து பார்த்தான். பல்பு கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது.

காலையில் பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தின் அழுகிய பூண்டு வாடை, அடுப்புப் புகையையும் சோளமாவு மணத்தையும் மீறி அவள் சேலையிலிருந்து எழுந்து, சுவரில் அசைந்த அவள் நிழலோடு இங்கும் அங்கும் போய்வந்தது. மாவில் உட்கார்ந்த ஈ எதுவும் திரும்பப் பறக்கவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது? மருந்து டப்பாவில் இருந்தது பொடி எழுத்து, தெரியாத பாஷை. கடையில் நாலு பேர் முன்னால் கேட்டால் மானம் போகும்; தெருவிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற பெயர் வேறு. அதனால் காலையில் டப்பாவிலிருந்த படத்தை மட்டும் பார்த்தான். ஒரு குழாய், ஒழுகும் தண்ணீர், கீழே இரண்டு கைகள். தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்கவேண்டும் என்று பெரிய வாத்தியார் கணக்காகச் சொல்லி, டிரம்முக்குள் முழங்கைவரை அவள் கையை விடவைத்தான்.

சாயங்காலம் கடையில் ஒரு ஆள் அதே படத்தைக் காட்டி, இது மருந்தடித்தபின் கை கழுவச் சொல்லும் படம், கையை விட்டுக் கலக்குகிற மடையனும் இருக்கிறான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். புண்டலிக்கும் சேர்ந்து சிரித்தான். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"கை கழுவினியா?"

"வயல்ல தண்ணி ஏது? சேலையில துடைச்சுக்கிட்டேன். ஏன், கழுவணும்னு போட்டிருந்துச்சா?"

"இல்ல."

வாயில் வந்ததே அதுதான். சீ, என்ன பிறவி.

அவள் அடுத்த பாக்கரி ரொட்டியைத் தட்டினாள். தட். தட். நெற்றியில் வேர்வை ஊற்றியது. வாயோரம் எச்சில் நூலாக வழிந்து மாவில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"ஷேவந்தா, எந்திரி. ஜீப் பிடிச்சு யவத்மாள் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அது கை கழுவச் சொன்ன படம்டி. எனக்குத்தான் புரியல. சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு, சொல்ல வெட்கமா இருந்துச்சு."

சத்தம் நின்றது.

அவள் திரும்பினாள். கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முன்கையில் தோலுக்கடியில் சதை நெளிந்தது, பருத்திக்காய்க்குள் புழு நெளிவதுபோல. முழங்கை. தோள். கழுத்து. கன்னம்.

திறந்த வாயிலிருந்து பேச்சு வரவில்லை. கன்னம் மட்டும் நெளிந்துகொண்டே இருந்தது.