துரைசானியின் சாட்சி

மாசி மாதத்துப் பௌர்ணமி நிலா கொள்ளிடத்துக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு மேல் மெல்லத் தலைகாட்டி, மணல் திட்டுகளுக்கிடையே நெளிந்தோடிய நீரிலெல்லாம் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்தி நேரத்தில், நாணல்மேட்டுக் கோட்டையின் மேல்மாடத்தில் நின்ற வெள்ளைக்காரச் சீமாட்டியின் கண்ணில் அந்த அழகில் ஒரு துளியும் படவில்லை. கீழே முற்றத்தில் சிப்பாய்கள் நட்டுக்கொண்டிருந்த தூக்குமரத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, லேடி அனபெல் என்னும் இந்தப் பெண்மணியைப் பற்றி லண்டன் மாநகரில் யாரைக் கேட்டிருந்தாலும் குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, கதை கதையாய்ச் சொல்லியிருப்பார்கள். பிரபு வீட்டுப் பெண்; நிச்சயித்த மாப்பிள்ளையை மாதா கோவில் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, ஜெர்வாஸ் என்ற ஏழைக் கப்பற்படை வீரனோடு ஓடிப்போய் மணந்தவள். இரண்டே வருஷத்தில் வறுமை கசந்தது. அவன் போன கப்பல் மூழ்கியதாகச் செய்தி வந்தது. துக்க உடையின் மடிப்புக் கலைவதற்குள், இப்போது இந்தக் கோட்டைக்குத் தலைவராக இருக்கும் கர்னல் தோர்ன்பியின் மோதிரம் அவள் விரலில் ஏறியது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஆனால் ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தத் திருமணத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு மாலுமி வந்து, ஜெர்வாஸ் பிழைத்துவிட்டான் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் மூச்சு விடவில்லை. பேசாமல் கோவிலுக்குப் போய் இரண்டாம் முறை மணமேடை ஏறினாள். பாவம் என்று தெரிந்தே செய்த பாவம் அது.

நேற்று மாலை ஆற்றங்கரையில் செம்படவன் ஒருவன் கோட்டையை நோக்கி விரல் நீட்டி எதையோ எண்ணுவதைக் கண்டவள், விளையாட்டாகக் கர்னலிடம் சொல்லி வைத்தாள். பிடித்து வந்தால் செம்படவனுக்கு நீலக் கண்! பிரெஞ்சுக்காரரின் ஒற்றனே என்று முடிவாயிற்று. பீரங்கிகளை எண்ணியதைக் கண்ணாரக் கண்டதாக அவளும் இன்று காலை வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். உச்சிப்பொழுதில் கைதியைச் சன்னலுக்குக் கீழே நடத்திப் போனபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

ஜெர்வாஸ்! ஐயோ, அவன் எண்ணியது பீரங்கிகளை அல்ல. அவளுடைய சன்னல் எது என்று எண்ணியிருக்கிறான்.

"துரைசானி, அவரே வாயத் தொறக்கல. நீங்க எதுக்குத் தொறக்கணும்? விடிஞ்சா எல்லாம் முடிஞ்சிடும்" என்றாள் தோழி தையல்நாயகி.

"என்னைத் தேடி வந்ததாக ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார், தையல். என் மானத்துக்காகச் சாகப் போகிறார். கயிற்றை மாட்டியது என் நாக்கு அல்லவா?"

"அப்ப காலையில சொன்னத மாத்திச் சொல்லிடுங்க."

"ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்களே! சத்தியம் செய்து சொன்னதைச் செல்லாமல் ஆக்க ஒரே வழிதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். தையல்நாயகி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள்.

விசாரணை மண்டபத்தில் தீர்ப்பில் கையெழுத்திடுவதற்காக நடுவே கர்னல் வீற்றிருந்தார். பக்கத்தில் சட்டம் கற்ற கிழவரான காப்டன் ஹார்க்னஸ். எதிரே விலங்கோடு ஜெர்வாஸ், தலை நிமிரவில்லை.

"சீமாட்டி, கைதிக்கு எதிராக உள்ளது தங்கள் சாட்சி ஒன்றுதான். அதை உறுதி செய்கிறீர்களா?" என்று ஹார்க்னஸ் வினவினார்.

"எனக்கு அந்த உரிமை இல்லை, ஐயா. கணவனுக்கு எதிராக மனைவி சொல்லும் சாட்சி நமது சட்டத்தில் செல்லாது அல்லவா? இவர் ஜெர்வாஸ். என் கணவர்."

மண்டபம் அப்படியே அதிர்ந்துபோயிற்று.

"பொய்! இந்த அம்மையாரை நான் கண்டதே இல்லை!" என்று கைதி கூவினான். அந்த மனிதன் இப்போதும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான்.

கிழவர் பெருமூச்செறிந்தார். "கர்னல் அவர்களே, முன்பின் அறியாதவனுக்காக எந்தப் பெண்ணும் இத்தனை அவமானத்தைத் தன் தலையில் வாரிப் போட்டுக்கொள்ள மாட்டாள். சாட்சியம் செல்லாது. கைதியை விடுவிக்க வேண்டியதுதான்."

சிப்பாய் வந்து விலங்கைக் கழற்றினான். ஜெர்வாஸின் உயிர் பிழைத்தது.

கர்னல் தோர்ன்பியின் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் அவளிடம் பேசினார். "அனபெல், இவர் இறந்துவிட்டதாக நம்பித்தானே என்னை மணந்தாய்? ஆம் என்று சொல், போதும், உன்மேல் குற்றமில்லை. கணவன் இருப்பது தெரிந்தே மணந்திருந்தால் சட்டப்படி கையில் சூட்டுக்கோலும், சிறையும். அது உனக்கு வேண்டாம்."

"ஆமான்னு சொல்லுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது!" என்று காதருகே கெஞ்சினாள் தையல்நாயகி. ஜெர்வாஸும் தலையை அசைத்து அசைத்து அதையே வேண்டினான்.

எவ்வளவு சுலபம்! ஒரே ஒரு சொல். ஆனால் தன்னை ஒரு நாளும் கடிந்து பேசியறியாத இந்த நல்ல மனிதருக்கு, கல்யாணத்தன்று தொடங்கிப் பொய்யைத் தவிர அவள் எதைக் கொடுத்திருக்கிறாள்? வெட்கம் அவள் நெஞ்சைப் பிடுங்கித் தின்றது.

யாரும் கேளாமலே வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்தாள்.

"தெரியும். இவர் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்துதான் கோவிலில் தங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்."

கர்னல் எழுந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விலங்கு" என்றார்.

சிப்பாய் தயங்கினான். லேடி அனபெல் தானாகவே இரு கைகளையும் நீட்டினாள்.