இம்மி பிசகாத மறுபதிப்பு

மரகதவல்லி திருப்பியனுப்பிய மறுபதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஏறிப்போய் நிலாவில் காப்பி குடித்துவிட்டு வரலாம். தூத்துக்குடிக் கடலடி நூலகத்தின் தரச்சோதகர் அவர். தாள் வெள்ளைவெளேர் என்றிருந்தால் திருப்பு. படம் மங்கினால் திருப்பு. தையலுக்குள் எழுத்து புதைந்திருந்தால் அச்சகத்தாரின் பரம்பரையையே திருப்பு.

இன்று மேசைமேல் இருந்தது சங்குகளைப் பற்றிய பழைய படநூல். உலகத்தில் மிச்சம் இந்த ஒரே பிரதிதான். தொட்டால் அப்பளம்.

எதிரே ஜெரோம், அணுத்தின்னி விற்க வந்தவன். அவனுடைய இயந்திரம் படம் பிடிப்பதில்லை. புத்தகத்தை அணுவணுவாகத் தின்று, அதே கணக்கில் புதிதாக வார்க்கும். வார்த்து முடித்ததும் கணக்கு மறந்துவிடும். அத்தனை அணுக்களை நினைவில் வைக்க ஒரு கடல் போதாது.

“தாளை மட்டும் கொஞ்சம் உறுதியாக்கிரவா மேடம்?”

“எல்லாப் பயலும் இப்படித்தாம்ல ஆரம்பிக்கான்! இன்னைக்குத் தாளை மாத்துவிய, நாளைக்கு மையை மாத்துவிய, கடைசியில சங்கு இருந்த இடத்துல நத்தை ஊரும். ஒண்ணையும் தொடக்கூடாது.”

“ஒண்ணையுமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு. இம்மி பிசகக்கூடாது.”

ஜெரோம் ‘முழுநிகர்’ விசையை அழுத்தினான். அணுத்தின்னி புத்தகத்தை விழுங்கி, ஏப்பம் விட்டு, புதியதை நீட்டியது.

மரகதவல்லி முகர்ந்தார். அதே மக்கல் வாசனை. பூதக்கண்ணாடி வைத்தார். அதே மை, அதே ஓரம், பூச்சி தின்ற ஓட்டைகூட அதே இடத்தில். பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, “பிரமாதம்!” என்றார். உப்பளங்களெல்லாம் ஒருமுறை குலுங்கி நின்றன.

ஆசையோடு நூலின் நடுவே மடித்து வைத்திருந்த பெரிய படத்தை விரித்தார். சடசடவென்று நொறுங்கி, வலம்புரிச் சங்கு முழுதும் அவர் மடியில் பொடியாகக் கொட்டியது.

“தம்பி! இன்னொண்ணு போடுய்யா! தாளை உறுதியாக்கியே போடு!”

“போட்டுரலாம் மேடம். ஆனா தின்னக் குடுக்க இதுதான இருக்கு? அந்தப் படம் பொடியாத்தான் வரும். நல்ல உறுதியான பொடி.” வேலையை ஏற்றதாகப் பெருவிரல் வைக்கும் ஏற்புத்திரையை அவர் பக்கம் நகர்த்தினான். “நம்ம வேலைல குறை ஏதும் உண்டுமா?”

மரகதவல்லி பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை துருவியும் ஒரு குறை அகப்படவில்லை. திரையில் பெருவிரலை வைத்துவிட்டு, மடியை உதறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.