தேனப்பன் விட்ட கை

தஞ்சோங் பூங்கா என்கிற கடலோரப் பகுதியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய பங்களாவுக்குத் தேனப்பனும் முத்தம்மையும் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம்தான். ஆனால் மழைக்கு வானம் மூடிக்கொண்டு வந்ததில், உள்ளே அதற்குள் விளக்குப் போட்டிருந்தார்கள்.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்குகிற ஸ்கூபா முக்குளிப்புக்குத் தீவுத் தீவாக ஆட்களை அனுப்பிவைக்கிற இடம் அது. நடத்துகிறவர் முகம்மது கனி, நடுவயதுக்காரர், சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவர். இந்த வயதில் இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? எல்லாம் தேனப்பனின் வாயால் வந்தது. அறுபதாம் கல்யாணப் பந்தியில் ஆளாளுக்கு, அடுத்து காசியா ராமேஸ்வரமா என்று கேட்டார்கள். மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? "நாங்க கடலுக்கு அடியில போறோம்" என்று இலை முன்னால் உட்கார்ந்து அடித்துவிட்டார். கல்யாணமான புதிதில் இருவரும் முக்குளிக்கக் கற்றுக்கொண்டது உண்மைதான். அதற்குப் பிறகு தேனப்பன் வங்கி நாற்காலியை விட்டு ஆழமான எதிலும் இறங்கியதில்லை.

கனி சுவரில் இருந்த படங்களைக் காட்டினார்.

"ரெண்டு ரிசோர்ட் இருக்குக்கா. திரெங்கானு பக்கம் ஒண்ணு. கரையிலேர்ந்தே நடந்து இறங்கிடலாம், ஆழம் கொஞ்சம்தான். இன்னொண்ணு சபா பக்கம். போட்ல போயி குதிக்கணும். செங்குத்தா பாறை, அதுக்குக் கீழ ஒரே இருட்டு."

"எங்களுக்கு மொத தீவு போதும்லா," என்றார் முத்தம்மை.

"சும்மா இரு முத்து. கால் நனைக்கவா அவ்வளவு தூரம் போறது? சபாவே போடுங்க தம்பி."

கனி கொஞ்சம் தயங்கினார். "ஆழத்துக்குப் போற ஜோடிய ஒரு தடவ எங்க குளத்துல பாத்துட்டுத்தான்ணே அனுப்புவேன். ஒருத்தருக்குக் காத்து நின்னுட்டா, மத்தவர் தன்னோட உபரிக் காத்துக் குழாயக் குடுத்து, கையப் புடிச்சு மேல கூட்டிட்டு வரணும். எது நடந்தாலும் ஜோடிய விட்டுட்டு மட்டும் வரக் கூடாது. நானும் கூட இறங்குறேன்."

"நீங்க எதுக்கு? என் பொண்டாட்டிய நான் பாத்துக்க மாட்டேனா?"

மூத்தவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று கனி ஒதுங்கிக்கொண்டார். உடம்பைக் கவ்விப் பிடித்த ரப்பர் உடையில் முத்தம்மை கூச்சத்தோடு வந்து நிற்க, தேனப்பன் கேலி செய்து சிரித்தார். அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

குளம் பங்களாவுக்குப் பின்னால், ஒரு பெரிய மரத்தடியில் இருந்தது. ஒரு முனையில் இடுப்பளவு. மறுமுனையில் தரை தெரியவில்லை, கரும்பச்சையாக எங்கோ இறங்கிப் போயிற்று. பாசி வாடையோடு வாடிய பூ வாடையும் வந்தது. பக்கத்தில் பூச்செடி ஒன்றும் இல்லை.

இருவரும் இறங்கினார்கள். கீழே போகப் போக வெளிச்சம் வடிந்தது. தேனப்பனுக்குத் தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் புஸ் புஸ்ஸென்று கேட்டது. தரையில் முட்டி போட்டதும் முத்தம்மை, ஒத்திகைக்காக, காற்று இல்லை என்று கழுத்துக்குக் குறுக்கே கையை வீசிக் காட்டினார். முறைப்படி தன் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கணவர் பக்கம் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தேனப்பனின் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது.

மூக்கில் ஏறியது.

என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அது பொய். நன்றாகத் தெரியும். நீட்டிய கையைத் தட்டிவிட்டார். முத்தம்மையின் தோளில் காலை ஊன்றி உந்தினார். மேலே வந்துவிட்டார்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். போன மாதம்தான் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் மறுபடி தாலி கட்டிப் பிடித்த கையைத்தான் தட்டிவிட்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் திரும்ப முங்கக் கால் வரவில்லை.

"அக்கா எங்கண்ணே?"

கனி சட்டையைக் கழற்றி எறிந்தார். குதிக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"அண்ணே," என்றார் மெதுவாக. "நீங்க இங்க இருக்கீங்க."

"ம்."

"கீழ ரெண்டு எடத்துல குமிழி வருது."

தேனப்பன் திரும்பிப் பார்த்தார். கரும்பச்சைத் தண்ணீரில் இரண்டு குமிழிச் சரங்கள் அருகருகே வந்து உடைந்தன. ஒன்று படபடவென்று வந்தது. மற்றது நிதானமாக, ஒரே சீராக வந்தது. அவசரமே இல்லாத மூச்சு.

பிறகு முத்தம்மையின் தலை மேலே வந்தது. தனியாகத்தான் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பயத்துல கண்ண இறுக்க மூடிக்கிட்டேங்க. மொதல்ல கையத் தட்டி விட்டீங்களா, உயிரே போயிருச்சு. அப்பறம் குழாய வாயில வச்சு, கையப் புடிச்சு எவ்வளவு பதமாக் கூட்டிட்டு வந்தீங்க!" உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குழாய்லதான் ஏதோ வாடை. பூ அழுகின மாதிரி."

கனி தேனப்பனைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேனப்பன் கரையேறி முகக் கண்ணாடியைத் துடைத்தார். வயதில் சின்னவர் முன்னால் மானம் போகிறதே என்ற பயம், தண்ணீருக்குள் இருந்தது என்ன என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அட, என்ன மனுஷன்!

உள்ளே போய்த் தலை துவட்டியதும் முத்தம்மை தாமாகவே சொன்னார். "சபாவே போடுங்க தம்பி. இவுக கூட இருந்தா எந்த ஆழத்துக்கும் வருவேன்."

"அண்ணே?" என்றார் கனி. கெஞ்சுகிற குரல். "திரெங்கானுவே போடட்டுமா?"

தேனப்பன் கூனிக் குறுகிப் போனார். கீழே தனியாக விட்டுவிட்டு ஓடியவன் நான் என்று சொல்லிவிட்டால் இந்தப் பயணமே வேண்டாம், அவள் உயிருக்கு ஆபத்தும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"அவ ஆசைப்பட்டபடியே செய்ங்க," என்றார்.

காரில் வீடு திரும்பும்போது மழை கொட்டியது. கண்ணாடி துடைக்கும் கம்பி இழுபட்டு இழுபட்டு ஓடியது. முத்தம்மை இடது பக்க இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காருக்குள் பாசி வாடை வந்தது. ஈர உடைதான் என்று தேனப்பன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"ஏங்க," என்றார் முத்தம்மை, கண்ணைத் திறக்காமல். "குளத்த விட்டு ஏறி எவ்வளவு நேரமாச்சு. ஒங்க கை ஏன் இன்னும் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

தேனப்பனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

மெல்லத் திரும்பினார். இரண்டு இருக்கைக்கும் நடுவே முத்தம்மையின் வலது கை மல்லாந்து கிடந்தது. விரல்கள் அகன்று, வேறு விரல்களோடு கோத்தது போல மடங்கி இருந்தன. உள்ளங்கையில் ஈரம்.

இப்போதாவது சொல்ல வேண்டும். அது நான் இல்லை முத்து. குளத்திலும் நான் இல்லை.

"தண்ணி... தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சுல்ல," என்றார்.

முத்தம்மை சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்று, புருவம் சுருங்கியது.

"மெதுவாப் புடிங்க. வலிக்குது."

விரல்களுக்கு நடுவே தோல் உள்ளே அமுங்குவது தேனப்பனுக்குத் தெரிந்தது. நுனிகள் ரத்தம் இல்லாமல் வெளுத்தன.

"விடுங்களேன், வலிக்குதுங்க!"

"சாரி முத்து," என்றார் தேனப்பன். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. "இதோ, விட்டுட்டேன்."

அந்த விரல்கள் இன்னும் வெளுத்தன.