சாத்திய தெரு

பெரியநாயகி இரும்பு கேட்டைப் பூட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. கொடியில் கிடந்த புடவை அசையவில்லை, வாசல் வேப்பமரம் அசையவில்லை. பூட்டு மட்டும், யாரோ தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதுபோல, கம்பியில் இடித்து இடித்து மெல்ல நின்றது. விளக்கு வைக்கிற நேரம்தான். தெருவில் ஓர் ஆள் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தத் தெருவில் ஆள் இருக்காது என்று, அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அப்போது வாசலுக்குக் கதவு என்பது பேருக்குத்தான். இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குக் கிளம்பினால்கூடப் பக்கத்து வீட்டில் "பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. தெரு முழுக்கக் கதவு சாத்துவது ஒன்றுக்குத்தான். சாவு எடுக்கும்போது. பிணம் வாசலைத் தாண்டும்வரை வீட்டுக்கு வீடு சத்தமில்லாமல் கதவைச் சாத்துவார்கள். தாண்டிய பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுத் திறப்பார்கள். போகிறவருக்கு அது மரியாதை. போகிறவர் திரும்பி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கும் அதுதான்.

பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. ஆபீஸ்கள் வந்தன, கடைகள் வந்தன, முகம் தெரியாத ஜனம் வந்தது. அடுத்த தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் செயினை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். நிஜமாக நடந்தது அந்த ஒன்றுதான். மீதியெல்லாம் செல்போனில் வந்தது. குழந்தை அழுதால் திறக்காதீர்கள், தண்ணீர் கேட்டால் திறக்காதீர்கள், தெரிந்த குரலாக இருந்தாலும் திறக்காதீர்கள். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. இருட்டிவிட்டால் தெரு அதில்தான் உயிரோடு இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்டதெல்லாம் திருடன்.

போன மாதம் ஒரு மழை நாள், இதே நேரத்துக்கு, யாரோ வீட்டுக்கு வீடு கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார்கள். "ம்மா... ம்மா..." என்று ஒரு முனகல். யாரும் திறக்காதீங்க என்று குழுவில் செய்தி பறந்தது. யாரும் திறக்கவில்லை. விடிந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் எதிர்வீட்டுக் கொளஞ்சியப்பன் குப்புறக் கிடந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர். பெரியநாயகிக்கு இடுப்பு வலி கண்ட அன்று வண்டி பிடிக்க ஓடியவர், அவள் புருஷன் செத்தபோது பாடையில் முதலில் தோள் கொடுத்தவர். நெஞ்சுவலி என்றார்கள். குரல் அடையாளம் தெரியவில்லை என்று தெருவே சொன்னது. பெரியநாயகியும் அதையேதான் சொன்னாள்.

பெங்களூரிலிருந்து வந்த அவர் மகன் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். தெருப்பக்கம் வரவேயில்லை. கொளஞ்சியப்பனுக்காகத் தெரு கதவு சாத்தியது அந்த மழை நாளில் ஒரு தடவைதான். அப்போது அவர் உயிரோடு இருந்தார். அதை நினைத்தால் பெரியநாயகிக்குச் சோறு இறங்குவதில்லை.

செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்சவள்ளி. நடுவே ஒரு சுவர்தான். ஆனாலும் இருட்டினால் போனில்தான் பேச்சு.

"அக்கா, கேட்ட பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன். ஏன்டி?"

"முனை வூட்டு கேட்ட எவனோ ஆட்டிக்கினு இருக்கானாம். குரூப்ல போட்டிருக்காங்க. லைட்ட அமத்திடு."

"ஆளு யாருன்னு எவனாவது எட்டிப் பாத்தானா?"

"இன்னாக்கா பேசுற நீ! யாரு எட்டிப் பாப்பா?"

போன் நின்றது. பெரியநாயகி விளக்கை அணைத்தாள்.

இருட்டில் காது கூர்மையானது. தெருக்கோடியிலிருந்து இரும்பு குலுங்கும் சத்தம், பிறகு ஈரத் தரையில் ஒரு செருப்பும் ஒரு வெறுங்காலும் மாறி மாறி இழுபடும் சத்தம், நிற்கும் சத்தம், மறுபடி அடுத்த வீட்டு இரும்பு. அதனோடு கூடவே, ஜன்னல் இடுக்கு வழியாக, நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை மெதுவாக உள்ளே வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது.

அம்சவள்ளி வீட்டு கேட் குலுங்கியது.

நின்றது.

செருப்பு. வெறுங்கால். செருப்பு.

அவள் வீட்டு கேட்.

"ம்மா..."

திருடனாக இருந்தால் கழுத்தை நெரிப்பான். பேயாக இருந்தால் என்ன செய்யுமோ. மனுஷனாக இருந்தால்? இன்னொரு மனுஷன் அந்த மரத்தடியில் கிடந்தால்? பயத்தைவிடப் பெரிதாக அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை நாற்காலியில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"வந்துட்டேண்ணா. இதோ தொறக்கறேன். உள்ள வாங்க."

பூட்டைத் திறந்து கேட்டை விரிய இழுத்தாள். யாருமில்லை. தைல வாசனை மட்டும் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. மரத்தடியில் விழுந்துவிட்டாரோ என்று தெருவில் இறங்கிப் பார்த்தாள். மரத்தடியில் மழைத் தண்ணீர்தான் தேங்கியிருந்தது.

பின்னால் கேட் சாத்திக்கொண்டது. பூட்டு விழும் சத்தம்.

ஓடிவந்து ஆட்டினாள். அசையவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. அவள் அணைத்த விளக்கு.

அம்சவள்ளி வீட்டுக்கு ஓடினாள். கேட்டைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அம்சா! நான்தான்டி! தொற!"

உள்ளே அம்சவள்ளியின் குரல், தணிந்து, போனில் யாரிடமோ.

"அக்கா, நீ சொன்னது சரிதான். என் வூட்டு கேட்டாண்ட நிக்குது. உன் குரல்லயே கூப்புடுதுக்கா."

"அம்சா, அங்க யார்கூடடி பேசுற? நான் வெளிய நிக்கறேன்டி!"

"தொறக்க மாட்டேன்க்கா. நீயும் தொறக்காத."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை எரிந்தது. ஓடியதில் ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் உடைந்து, முனகல்தான் வந்தது. இருட்டு ஜன்னல்களில் செல்போன் வெளிச்சங்கள் வரிசையாகப் பூத்தன. அவற்றின் பின்னால் முகங்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அவள் பிரசவத்துக்குக் கஷாயம் கொடுத்தவர்களும் அவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களும் அங்கே நின்றார்கள். ஒருத்திகூட அவளை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பித் தன் வீட்டுக்கே வந்து தெருப்பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய நாற்காலியில் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் போன் அவர் காதில் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபமில்லை அந்த முகத்தில். பயம். திருட்டுப்பயலைப் பார்க்கிற பயம்.

"அண்ணா," என்றாள். "நான் பெரியநாயகிண்ணா."

அவர் எழுந்து வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்று, ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், சாவு தாண்டும்போது சாத்துகிற மரியாதையோடு சாத்தினார்.