செப்புவலைக் கூண்டு

நேற்றைய பதிவில் இருந்த இரைச்சல் வழக்கமான இரைச்சலாக இல்லை. மின்கம்பியின் ரீங்காரம் என்றால் சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக இருக்கும். இது வந்தது, நின்றது, மறுபடி வந்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. இத்தனைக்கும் பதிவு செய்தவள் அவளுடைய தங்கை. ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுத் துடைக்க உட்காருகிற ஜென்மம் அது.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. மயிரிழையை விட மெல்லிய கண்ணாடி ஊசியை ஒரு செல்லின்மேல் ஒட்டவைத்து, அதன் சவ்வில் இருக்கும் ஒற்றை அயனி வாயில் திறந்து மூடுவதைத் தங்கை பதிவு செய்வாள். திரையில் ஒரு கோடு ஓடும். வாயில் திறந்தால் கோடு ஒரு படி இறங்கும், மூடினால் ஏறும். அதிலிருந்து இரைச்சலைக் கழித்து, எது நிஜமான திறப்பு, எது குப்பை என்று பிரிப்பது அக்காவின் பாடு.

நேற்றும் இன்றும் விடுமுறை. நேற்று பதிவை முடித்துவிட்டு, புருஷனே வேண்டாமென்று பெட்டியோடு நேராக அக்கா வீட்டுக்கு வருவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். போன மாதம் அவன் முறித்த விரல் இன்னும் கூடியிருக்கவில்லை. வருவாள் வருவாள் என்று வாசலைப் பார்த்ததுதான் மிச்சம். காலையில் கூப்பிட்டபோது அவள் போனை அவன்தான் எடுத்தான்.

"நேத்தே சமாதானம் ஆயிட்டோம் அக்கா. தூங்கிட்டிருக்கா. எழுப்பட்டுமா?"

"வேணாம்."

இன்னொரு தடவை அழுதுகொண்டு வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. விளக்கு எரிந்தால் அதுவும் கோட்டில் ஏறும் என்பதால் பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் வைத்திருப்பார்கள். மூலையில் கருவி மேசை. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு, வெளி மின்னலைகளைத் தடுக்கும் செப்புவலைக் கூண்டு. கூண்டின்மேல் தரைவரை தொங்கும் கறுப்புத் துணி. உள்ளே கருவிகள் அணையாமல் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. செம்பின் வாடை இன்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் கூண்டுப் பக்கமே போகாமல் கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

இருந்த கோபத்தில் வடிகட்டியை ஒரேயடியாக இறுக்கினாள். அப்படி இறுக்கினால் இரைச்சலோடு சின்னச் சின்னத் திறப்புகளும் சேர்ந்து போய்விடும் என்று பிறருக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். கோடு நூல் பிடித்த மாதிரி நேரானது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கழித்துத் தள்ளியதை மட்டும் தனியாக எடுத்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டாள்.

அந்த மேசைக்குப் பாம்புச் செவி. நடைபாதையில் யாராவது காலணியோடு நடந்தாலே கோடு துள்ளும். அதனால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். நேற்று வந்தவன் கழற்றவில்லை. கனமான காலடி, அழுத்தமாக, அவசரமே இல்லாமல் வந்தது. கதவு. நாற்காலி சாய்ந்தது. பிறகு ஒரு அடி. மண்டை தரையில் மோதினால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் தெரிந்தது. இன்னொன்று. ஏதோ இரும்பு நழுவி உருண்டது; தேடி எடுத்து மறுபடி ஆரம்பித்தான். அடிகள் ஈரமாகிக்கொண்டே போயின. அப்புறம் இழுக்கும் சத்தம். மெதுவாக. மேசைக்குக் கிட்டே. இன்னும் கிட்டே.

"குட்டி," என்று வாய் தானாகச் சொன்னது.

போலீசோடு உடனே வரச்சொல்லித் தன் கணவருக்குச் செய்தி அனுப்பினாள். வெளியே ஓடலாமா? யாராவது நடைபாதையில் இருந்தால்? மேசையில் இந்த நிமிஷம் ஓடும் கோட்டைத் திரைக்கு வரவழைத்தாள். ஆள் நடந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கோடு அசையாமல் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கோடு அசையவில்லை.

காலால் தரையை ஓங்கி மிதித்தாள். அசையவில்லை.

வடிகட்டி. இறுக்கியதைத் தளர்த்தவே இல்லை. பாழாய்ப்போனவளே, என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை எடுத்துவிட்டாள். கோடு எகிறியது. காலடி. இன்னொரு காலடி. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"அக்கா." குரல் சாதாரணமாக இருந்தது. "உங்க செருப்பு இங்க கிடக்கே."

அவள் கூண்டின் பக்கம் ஓரடி பின்வாங்கினாள்.

"அவளத் தேடி வந்தீங்களா? இருக்கா. உள்ளதான் இருக்கா."

காலடி அடங்கிவிட்டது. கோடு அடங்கவில்லை. ஒரு படி இறங்கியது. ஏறியது. இறங்கியது. இது இரைச்சல் இல்லை. வருஷக்கணக்காக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயில் திறக்கிறது, மூடுகிறது. ஆனால் இன்று ஊசியின் முனையில் யாரும் எந்தச் செல்லையும் வைக்கவில்லை.

பூட்டில் சாவி நுழைந்தது. தங்கையின் சாவி. ஒளிய வேறு இடம் கிடையாது. கறுப்புத் துணியைத் தூக்கினாள்.

தங்கை அங்கேதான் இருந்தாள். முழங்கால்கள் வயிற்றோடு ஒடுங்க, நுண்ணோக்கியைக் கட்டிக்கொண்ட மாதிரி மேசைமேல் மடித்துத் திணிக்கப்பட்டிருந்தாள். தலையின் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. மறுபக்கத்துக் கண் அகலத் திறந்திருந்தது. அதன் நடுவில், கருமணிக்குள், கண்ணாடி ஊசி நுழைந்து நின்றது.

கதவு திறந்தது. அவன் உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தான். திரையில் கோடு பதறி, இறங்கி ஏறி இறங்கி ஏறி, நிற்காமல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.