அடையாளம் தெரியாதவர்கள் பெட்டி

நாற்பத்திரண்டாம் படத்தில் ஒரு நாற்காலி அதிகமாக இருந்தது.

பட்டியல்காரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்; படத்தில் ஒரு பூனை நின்றால் அதன் வாலைக்கூட விடாமல் குறிப்பெழுதுகிறவள். மேஜைமேல் இருந்தவை, நீதிபதியாக இருந்து பிறகு சட்டமன்றத்துக்கும் போன ஒரு பெரிய மனிதரின் குடும்பப் படங்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. மனிதர் பல் விளக்கும்போது மட்டும்தான் கேமராவுக்கு ஓய்வு கொடுத்திருப்பார் போலிருக்கிறது. நாற்பத்திரண்டில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தோட்டத்தில் நிற்கிறார்கள். போன மாதம் அவள் கைப்பட எழுதிய குறிப்பும் அதையேதான் சொன்னது: ‘நால்வர், நின்ற நிலையில். பின்னால் ரோஜாச் செடி.’ நாற்காலி என்று ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அவருக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. காலியாக.

சாயங்காலம் நாலு மணி. ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏசி தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்க, பழைய பசையின் புளித்த வாசனைக்கு நடுவே வேறொரு வாடை மெல்ல நுழைந்தது. பெட்டியில் பல வருஷம் மடித்துக் கிடந்த புடவையின் பாச்சை உருண்டை வாடை. அவளுக்கு அது தெரிந்த வாடைதான். தெரியாத மாதிரி அடுத்த படத்தை எடுத்தாள்.

அறுபது. நீதிமன்ற வாசல், வக்கீல்கள் கூட்டம். நடுவில் அதே நாற்காலி.

நூற்று ஐந்து. சட்டமன்றத்தில் பதவிப் பிரமாணம். அதே நாற்காலி. இதில் இன்னும் கொஞ்சம் முன்னால்.

விஷயம் இதுதான். படங்களைக் கொடுத்த நீதிபதியின் மகள் ஒன்றே ஒன்றைத் தனியாக நீட்டி, “இது மட்டும் வெளிய வரவேணாம்மா. அப்பா பேரு கெட்டுடும். உங்க வேலைய நிரந்தரமாக்குற விஷயத்த நான் மேல பேசிக்கிறேன்” என்றிருந்தாள். பட்டியல்காரி கிழிக்கவில்லை, கிழிப்பது பாவமாயிற்றே! ‘அடையாளம் தெரியாதவர்கள்’ என்று எழுதிய பெட்டிக்குள் போட்டாள். காப்பகத்தில் தவறான பெட்டிக்குப் போன படம் எரிந்து சாம்பலான படத்துக்குச் சமம். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

மறுவாரமே பாச்சை உருண்டை வாடையடிக்கும் புடவையில், துணிப்பையோடு ஒரு வயதான அம்மாள் வந்தாள்.

“நான் அவரோட மொத சம்சாரம்மா. சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. கல்யாணப் படம் ஒண்ணு இருக்கும். நான் நாற்காலில உக்காந்திருப்பேன், அவர் நிப்பாரு. ஒரு தடவ பாத்துட்டா போதும், போயிடுவேன்.”

“அந்தச் சேகரிப்புல உங்க போட்டோ எதுவும் இல்லம்மா” என்றாள் பட்டியல்காரி. முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அந்த அம்மாள் மூன்று நாள் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் வரவில்லை. “நம்ம பெஞ்சம்மா போய்ச் சேந்துட்டாங்களாம்” என்று காவலாளி நேற்றுத்தான் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான். வேலை நிரந்தரமான கடிதமும் நேற்றுத்தான் வந்தது.

எழுந்தாள். அந்தக் கல்யாணப் படத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்து, எண் போட்டு, பெயர் எழுதி. இரண்டே நிமிடம். பெட்டி அறையின் விளக்கு ஒருமுறை முனகிவிட்டு எரிந்தது. மூடியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாடை முகத்தில் அறைந்தது.

படம் இருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இளவயது நீதிபதி, நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கிறார்.

நாற்காலி காலி.

பிரம்பு மட்டும் நடுவில் பள்ளமாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல்.

“யாரும்மா அது? இங்கெல்லாம் வரக்கூடாது.” பின்னால் காவலாளி.

“நான்தான் அண்ணே. விளையாடாதீங்க.”

ஆறு வருஷமாக அவள் காசில் டீ குடித்தவன். அவளை மேலும் கீழும் பார்த்தான். விளையாட்டு இல்லை அந்தக் கண்ணில்.

“வெளியாளுங்க பெஞ்சில உக்காருங்கம்மா. மேடம் உள்ள வேலையா இருக்காங்க.”

மேடமா?

கால்கள் தாமாக நடந்தன. பெஞ்சு. உட்கார்ந்தாள். பலகை சில்லென்று இருந்தது. எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்குள் அவளுடைய மேஜை. அவளுடைய விளக்கு. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள். பென்சில் நிதானமாக ஊர்ந்தது.

“என் பேரு...” என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை.

உள்ளே இருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. பட்டியல்காரியின் குரலிலேயே, அவளுடைய அதே இதமான குரலிலேயே, சொன்னாள்:

“அந்தச் சேகரிப்புல உங்க போட்டோ எதுவும் இல்லம்மா.”