முஸ்கான் கேட்ட இரண்டு சுருதிகள்

மூன்று வாரமாக முஸ்கான் தன் வீட்டுக்குள்ளேயே தபால்காரி வேலை பார்த்தாள்.

"முஸ்கான், மோட்டாரை நிறுத்தச் சொல்லு உங்க அண்ணனை" என்பார் அத்தா. அண்ணன் ஹம்தான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

"நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லு" என்பான் அவன்.

முஸ்கான் இரண்டையும் அப்படியே சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்புவாள். ஆறாம் வகுப்புக் கணக்கு இதைவிடச் சுலபமாக இருந்தது.

சண்டை வந்ததற்குக் காரணம் இசை.

பிள்ளைகள் அத்தா என்று கூப்பிடும் அப்பா லியாகத் அலி பதினான்கு வருடம் சார்ஜாவில், ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். அவர் உப்பள ஊரான மரக்காணத்துக்குத் திரும்பியபோது கூடவே மூன்று பெரிய பெட்டிகள் கப்பலில் வந்தன. அம்மா சாயிரா வாஷிங் மெஷின் வருகிறது என்று நினைத்துக் குழாய்ப் பக்கம் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார். கம்பளியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பழைய சிந்தசைசர்கள்.

பார்க்கக் கீபோர்டு போலத்தான் இருக்கும். ஆனால் கட்டைகளுக்கு மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் சத்தம் கனக்கும். இன்னொன்றைத் திருப்பினால் கொசு பறப்பது போல மெலியும். மூன்றுமே அத்தா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஜப்பானில் செய்தவை. யாரோ வேண்டாமென்று ஒதுக்கியவற்றை வாங்கி, ஒவ்வொன்றாகப் பழுது பார்த்துச் சேர்த்திருந்தார். உப்பளக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அதனால் தினமும் காலையில் மூன்றையும் துடைத்து, துணியால் போர்த்தி வைப்பார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஹம்தானுக்கும் இசைதான் உயிர். ஆனால் அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு லேப்டாப்பும், அதில் செருகும் குட்டிக் கீபோர்டும்தான். நாதஸ்வரம், வயலின், டிரம்ஸ் எல்லாம் சாஃப்ட்வேருக்குள் இருந்தன.

ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்திருந்தபோது, இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். ஹம்தான் சிரித்துக்கொண்டே, அத்தாவின் மூன்று மெஷினும் தன் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டருக்குள் இருப்பதாகவும், இவற்றை எடைக்குப் போட்டால் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வைக்க இடமாவது கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டான்.

அத்தாவின் முகம் சுருங்கியது. "பிரியாணி போட்டோவைப் பாத்தா வயிறு ரொம்பிடுமா?" என்று கேட்டார்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

முஸ்கான் முதலில் ஒரு சோதனை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணையும் துப்பட்டாவால் கட்டினாள். ஒரே மெட்டை ஒரு தடவை பழைய மெஷினிலும் ஒரு தடவை லேப்டாப்பிலும் வாசித்து, எது எதிலிருந்து வந்தது என்று கேட்டாள். இரண்டு பேருமே தப்பாகச் சொல்வார்கள், சிரித்துவிடுவார்கள், சண்டை தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அத்தா ஐந்து தடவையும் சரியாகச் சொன்னார். ஹம்தான் மூன்று தடவை கோட்டை விட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தா காரணமே இல்லாமல் புன்னகை செய்துகொண்டிருந்தார். ஃபேன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று ஹம்தான் சுவரிடம் சொன்னான். சண்டை இன்னும் பெரிதாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பள்ளி ஆண்டு விழா வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உப்பளத்தைப் பற்றி ஒரு நாடகம் போட வேண்டும். வெயில் காய்ந்து உப்பு விளைகிறது, எதிர்பாராத மழை வந்து எல்லாவற்றையும் கரைக்கிறது, உப்பளத்து ஆட்கள் மறுபடியும் பாத்தி கட்டுகிறார்கள். கடைசியில் இருபது பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டு. பாட்டைத் தொடங்கிக் கொடுப்பது முஸ்கான். இசைக்கு யாராவது கிடைப்பார்களா என்று சிவசங்கரி டீச்சர் கேட்டபோது அவள் கை தானாகவே உயர்ந்தது.

அத்தாவிடம் கேட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். ஹம்தானிடம் கேட்டாள். அவனும் ஒப்புக்கொண்டான். மற்றவரும் வருகிறார் என்று தெரிந்ததும் இரண்டு பேருமே தன்னால் முடியாது என்றார்கள்.

முஸ்கான் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. இரண்டு பேரும் ஒத்திகைக்கு ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு முடியாது என்று சொல்லட்டும் என்றாள்.

இரண்டு பேரும் வந்தார்கள்; அத்தா ஒரு மெஷினையும் தூக்கி வந்திருந்தார். ஒத்திகையில் மழையாக நடித்தவன் ஐயப்பன். நீலப் புடவையைப் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க ஓடி, கடைசியில் விழ வேண்டும். ஹம்தான் லேப்டாப்பில் அருமையான மழைச் சத்தம் வைத்திருந்தான். ஆனால் ஐயப்பன் ஒரு தடவை ஓடியது போல அடுத்த தடவை ஓட மாட்டான். அவன் விழுந்த பிறகும் மழை பெய்துகொண்டே இருந்தது. அத்தாவோ ஐயப்பனைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பினார். அவன் மெதுவாக நடந்தால் தூறல், ஓடினால் பேய்மழை, விழுந்தால் ஒரே ஒரு சொட்டு. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பாட்டு என்று வந்தபோது நிலைமை தலைகீழானது. அத்தாவின் மெஷினில் ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும். ஹம்தானோ புல்லாங்குழல், மேளம், வயலின் மூன்றையும் ஒன்றாக ஒலிக்க வைத்தான்.

"மழையும் காத்தும் அத்தாவுக்கு, பாட்டு அண்ணனுக்கு" என்றாள் முஸ்கான். "பாட்டுக்கு அடியில சுருதி மட்டும் அத்தா பிடிக்கட்டும். அதுக்கு ஒரு கட்டை போதும்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆனால் அத்தா மேடையின் இடது ஓரத்தில்தான் உட்காருவேன் என்றார். ஹம்தான் வலது ஓரத்தில்தான் உட்காருவேன் என்றான். டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டு மேசைகள் போடச் சொன்னார்.

விழா நாளில் மாலை ஆறரைக்கு நாடகம் தொடங்கியது. உப்பளத்தில் வேலை முடித்து, குளித்துவிட்டு வந்த அம்மாக்களும் அப்பாக்களும் மைதானம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கடல் பக்கமிருந்து குளிர்ந்த ஈரக் காற்று வீசத் தொடங்கியிருந்தது.

மழைக் காட்சி வந்தது. ஐயப்பன் ஓடினான். ஒலிபெருக்கியிலிருந்து முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு தூறல், பிறகு தகரக் கூரையில் கொட்டுவது போல ஓர் இரைச்சல். முன்வரிசையில் இருந்த கலியன் சட்டென்று எழுந்து வானத்தைப் பார்த்தார். பகலெல்லாம் வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடினோமா இல்லையா என்ற கவலை அவருக்கு. சுற்றி இருந்தவர்கள் சிரித்த பிறகுதான் வெட்கத்தோடு உட்கார்ந்தார். அத்தா அந்த இரைச்சலை ஒரே சொட்டில் முடித்தபோது மைதானமே கைதட்டியது.

அடுத்தது பாட்டு.

அத்தா கனமான ஒரு சுருதியைப் பிடித்தார். ஹம்தான் புல்லாங்குழலைத் தொடங்கினான்.

முஸ்கானுக்குப் பல்லில் மணல் கடிபட்டது போலக் கூசியது. இரண்டும் சேரவில்லை. புல்லாங்குழல் சற்று மேலே, சுருதி சற்றுக் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வௌ, வௌ, வௌ என்று அடித்துக்கொண்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அத்தா சுருதிக் குமிழைத் திருப்பினார். ஒரு நொடி சேர்ந்தது. மறுபடியும் வழுக்கி இறங்கியது. இன்னொரு தடவை திருப்பினார். மறுபடியும் இறங்கியது. அவர் நிமிர்ந்து வலது ஓரத்தை முறைத்தார். ஹம்தான் குட்டிக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு இடது ஓரத்தை முறைத்தான்.

முஸ்கான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தச் சத்தத்தைப் பிடித்துப் பாடுவது? அத்தாவைப் பிடித்தால் அண்ணன் தோற்றுவிடுவான். அண்ணனைப் பிடித்தால் அத்தா தோற்றுவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் பாட்டு கெட்டுவிடும்.

அப்போது காற்று மறுபடியும் வீசியது. அவள் பாவாடை படபடத்தது. அதே நொடியில் அத்தாவின் சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கியதை அவள் கேட்டாள்.

குளிர்கிறது! தப்பு அத்தாவின் விரலில் இல்லை, அண்ணனின் லேப்டாப்பிலும் இல்லை. குளிர்ந்த காற்றுப் பட்டுப் பழைய மெஷின் இறங்குகிறது, அவ்வளவுதான்.

முஸ்கான் மேடையில் இருந்த உப்புக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, நாடகத்தில் அதுவும் ஒரு காட்சி என்பது போல நிதானமாக நடந்து அண்ணனின் மேசைக்குப் போனாள்.

"அண்ணா, நீ கொஞ்சம் இறங்கு" என்று குனிந்து சொன்னாள்.

"நான் எதுக்கு இறங்கணும்? என் சுருதி சரியா நானூத்தி நாப்பதுல நிக்குது. அவர் மெஷின்தான் தப்பு."

"தெரியும். அதுக்குக் குளிருது, சொன்னா கேக்காது. உன்னுது சொன்னா கேக்கும். அதான் உன்கிட்ட வந்தேன்."

ஹம்தான் அவளைப் பார்த்தான். பிறகு மேடையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அத்தா நெற்றி வியர்க்க, அந்தக் குமிழோடு இன்னும் போராடிக்கொண்டிருந்தார். மழையை இஷ்டத்துக்கு ஆட்டிவைத்த அந்த விரல்களுக்கு இப்போது ஒரு சுருதி கட்டுப்படவில்லை.

முஸ்கான் அத்தாவைப் பார்த்து, அப்படியே விட்டுவிடுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

ஹம்தான் புல்லாங்குழலை மறுபடியும் ஒலிக்கவிட்டு, திரையில் சுருதி எண்ணைத் தொட்டு இறக்கினான். நானூற்று முப்பத்தெட்டு. வௌ வௌ சத்தம் மெதுவானது. நானூற்று முப்பத்தேழு. இன்னும் மெதுவானது. நானூற்று முப்பத்தாறு.

சத்தம் நின்றது. புல்லாங்குழல் போய்ச் சுருதியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

முஸ்கான் நடு மேடைக்குத் திரும்பி, மூச்சை இழுத்துப் பாடினாள்.

"வெயிலே வெயிலே திரும்பி வா,
வெள்ளை மலையாய் உப்புத் தா!"

இருபது குரல்கள் பின்னால் சேர்ந்துகொண்டன. பாதிப் பாட்டில் மறுபடியும் காற்று வீசியது. சுருதி நழுவத் தொடங்கியதும் முஸ்கான் பயந்து திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஹம்தான் இன்னும் ஓர் எண் இறங்கியிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் ஒரு காதை அத்தாவின் பக்கம் சாய்த்து, ஒரு விரலைத் திரையில் வைத்தபடி, அவர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தான்.

அத்தாவுக்கு அது புரிந்தது. அவர் மெதுவாக ஒரு குமிழைத் திறந்தார். சுருதி அகன்றது, ஆழமானது. மேடைப் பலகையில் கால் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது உள்ளங்காலில் அதிர்ந்தது. அதற்கு மேலே மேளமும் வயலினும் பாய்ந்தன. இருபது பிள்ளைகளும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் மைதானம் எழுந்து நின்றது. கலியன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி, இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் அதையே கேட்டார்கள். சிவசங்கரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

அத்தா மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஹம்தான், மேசையை இங்க கொண்டாந்து போடுப்பா. அங்கேருந்து உனக்குச் சரியா கேக்காது."

"வர்றேன் அத்தா" என்றான் ஹம்தான்.

ஐயப்பனும் இன்னும் நாலு பேரும் ஓடிப்போய் மேசையைத் தூக்கினார்கள். லேப்டாப்பை ஹம்தானே நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தான். அத்தா தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

இரண்டாம் தடவை அவர்கள் பாடியது ஈ.சி.ஆர். சாலை வரைக்கும் கேட்டது. நிறுத்தத்தில் நின்றிருந்த புதுச்சேரி பேருந்தின் ஓட்டுநர், பாட்டு முடியும்வரை வண்டியை எடுக்கவில்லை.